எர்வின் கீஸ்லரின் ஆறு புள்ளிகள்

எர்வின் ஓட்டோ கீஸ்லர் (1936–2014). விஸ்கான்சின் மாநிலத்து மானிடோவாக்கில் பிறந்தார், அங்கேயே காலமானார். முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒரு பால் நிலையத்தில் பரிசோதகராக இருந்தார். ஓய்வுக்குப் பின், வீட்டின் கீழறையில் பீர் காய்ச்சினார்.

எங்கள் படகுத்துறை பீர் காய்ச்சுவோர் சங்கத்தில் அவரைவிடச் சுவையாகக் காய்ச்சியவர்கள் உண்டு. அவரைப்போல் அளந்தவர் எவருமில்லை. சங்கத்துக்குச் சொந்தமான அடர்த்திமானி பதினான்கு ஆண்டுகள் அவர் பொறுப்பில் இருந்தது. கண்ணாடிக் குமிழும் ஒல்லியான தண்டும் கொண்ட கருவி அது; தண்டுக்குள் எண்கள் அச்சிட்ட காகிதச் சுருள் ஒட்டப்பட்டிருக்கும். வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். பார்லியை ஊறவைத்து இறக்கிய சாற்றில் இனிப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு மானி மேலெழும்பி நிற்கும், எண்ணும் கூடும்.

ஒவ்வோர் அக்டோபரிலும் சங்கத்தில் எண் சொல்லும் போட்டி நடக்கும். ஒரே மூட்டையிலிருந்து ஆளுக்குப் பத்து பவுண்டு முளைகட்டிய பார்லி. இறக்க வேண்டிய சாறு ஆறு கேலன். பார்லியிலுள்ள இனிப்பு முழுவதும் சாற்றுக்கு வந்துவிட்டால் மானி அறுபது காட்டும். முழுவதும் எவருக்கும் வராது. நாற்பத்தைந்து வந்தால் நூற்றுக்கு எழுபத்தைந்து. தன் பாத்திரம், தன் அரைவை, தன் கைப்பக்குவம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, தனக்கு என்ன எண் வரும் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதி உறையிலிட்டு ஒட்டித் தந்துவிட வேண்டும். பிறகு எர்வின் மானியுடன் வீடு வீடாகச் சென்று அளப்பார். சொன்ன எண்ணுக்கு மிக நெருங்கியவரின் பீர்தான் ஜூலை மாத விருந்தில் பீப்பாயில் ஏறும். கரும்பலகையில் அவர் பெயரும் ஏறும். சர்க்கரை சேர்ப்பது மட்டும் விலக்கப்பட்டிருந்தது.

லெஸ்டர் நோவோட்னி குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எர்வினுக்குப் பத்தொன்பது ஆண்டு நண்பர். சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்தே காய்ச்சினார்கள். எர்வினை அவர் பெயர் சொல்லி அழைத்து நாங்கள் கேட்டதில்லை, "பால்காரரே" என்பார். தாம் காய்ச்சும் முறையைக் குறிப்பேட்டில் எழுதமாட்டார். அடுப்புக்கு மேலிருந்த அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கி வைப்பார். அந்தக் கதவு எர்வினை உறுத்திக்கொண்டே இருந்தது.

2009 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை, எர்வின் கடைசி வீடாக அளக்கச் சென்றபோது லெஸ்டர் சலிப்புடன் இருந்தார். அன்று காலை பார்லி இறுகிப் போய், சாறு இறங்காமல் ஒரு மணி நேரம் நின்றுவிட்டதாம். இந்த முறை எண் தேறுமோ என்னவோ என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். எர்வின் சாற்றை ஆறவைத்து, உயரக் குவளையில் ஊற்றி, மானியை மிதக்கவிட்டார். ஐம்பத்துநான்கு காட்டியது. உறையைப் பிரித்தார். லெஸ்டர் எழுதியிருந்தது நாற்பத்தெட்டு.

ஐம்பத்துநான்கு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு. பழைய ஐஸ்பெட்டியில் ஊறவைத்து, அதுவும் இடையில் இறுகிப்போன பார்லியிலிருந்து, தொண்ணூறு வராது. எர்வின் பென்சிலை எடுத்தார். மிகையான ஆறு புள்ளி, ஆறு கேலனுக்கு. முக்கால் பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட சர்க்கரை. சாறு நீர்த்துவிடுமோ என்று பயந்து அள்ளிப் போட்டிருக்கிறார், அளவு மீறிவிட்டது. கணக்கு இடைவெளியின்றிப் பொருந்தியது.

லெஸ்டர் தம் சொந்த மானியைக் கொண்டுவந்து சாற்றில் விட்டார். அது நாற்பத்தெட்டு காட்டியது. அது ஆறு டாலர் மானி; சங்கத்து மானிதான் செல்லும் என்றார் எர்வின்.

"அப்போ உன்னோடதைத் தண்ணில போட்டுப் பாரு, பால்காரரே. குழாய் இதோ இருக்கு, நானே போட்ட குழாய்."

"வருஷா வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதி தண்ணில போட்டுப் பார்த்துட்டுத்தான் இருக்கேன். அது என் வேலை."

"நான் சர்க்கரை போடலை."

"போட்டேன்னு நான் சொல்லலை லெஸ்டர். கணக்கு சொல்லுது."

இரண்டு நாள் கழித்துச் சங்கம் கூடியது. எர்வின் குரலை உயர்த்தாமல் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினார். லெஸ்டரின் பெயரைப் போட்டியிலிருந்து நீக்கக் கை தூக்கியவர்கள் பதினொருவர். அதில் என் கையும் ஒன்று. லெஸ்டர் வாதாடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, "ஜூலையில யாரு பீர் நல்லா இருந்தாலும் முக்கால் பவுண்டு என்னோடதுன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சிலர் சிரித்தோம். அதன்பின் அவர் வரவில்லை. சனிக்கிழமைகளில் எர்வின் தனியாகக் காய்ச்சினார்.

அந்த நவம்பரில் எர்வினின் எண் ஏறியது. வழக்கமாக அவருக்கு நாற்பத்துநான்கு வரும். இப்போது ஐம்பது, நூற்றுக்கு எண்பத்துமூன்று. டிசம்பரிலும் அதே ஐம்பது. அக்டோபர் தொடக்கத்தில்தான் அவர் தம் அரைவை உருளைகளின் இடைவெளியை ஒரு சீட்டட்டையின் கனத்துக்குக் குறைத்திருந்தார். நுணுக்கமாக உடைந்த பார்லி கூடுதலாகத் தருகிறது என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார். டிசம்பர்க் கூட்டத்தில் அதை விளக்கிப் பேசினார். நாங்கள் கைதட்டினோம். மூன்று பேர் அவ்வாரமே தங்கள் உருளைகளை நெருக்கினார்கள். அவரவர் சொந்த மானியில் எவருக்கும் எண் ஏறவில்லை. நிதானமாகச் சாறு இறக்கத் தெரியவில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

2010 ஜனவரி 1. காலை உணவுக்குப் பின், வழக்கப்படி, எர்வின் மானியை வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டார். அது ஆறு காட்டியது.

தண்ணீரை மாற்றினார். வெப்பநிலையைச் சரிபார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஆறுதான். பிறகு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துத் தண்டை நோக்கினார். காகிதச் சுருளை ஒட்டியிருந்த பசையின் பழுப்புத் தடம் ஓரிடத்தில் இருந்தது. சுருள் அதற்கு மேலே இருந்தது. எப்படி நேர்ந்தது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பால் நிலையத்தில் கண்ணாடிக் கருவிகளைக் கொதிநீரில் அலசித் தலைகீழாக நிறுத்திக் காயவைப்பார்கள். முப்பத்துமூன்று ஆண்டுப் பழக்கம். அக்டோபர் 9 அன்று வேறொருவர் வீட்டில் அளந்து திரும்பியதும் அவ்வாறே அலசி, வெப்பக்குழாயின் மேலிருந்த தாங்கியில் கவிழ்த்து நிறுத்தியிருந்தார். பசை இளகியது, காகிதம் தண்டின் நுனியை நோக்கிச் சரிந்தது, ஆறியபோது அங்கேயே பிடித்துக்கொண்டது.

ஐம்பத்துநான்கில் ஆறு போனால் நாற்பத்தெட்டு. லெஸ்டர் உறையில் எழுதியிருந்த எண். ஒரு புள்ளிகூடப் பிசகாமல் சொல்லியிருந்தார். எங்கள் போட்டியில் அதுவரை அது எவருக்கும் வாய்த்ததில்லை.

குறிப்பேட்டில் அத்தேதிக்கு எதிரே "6" என்று மட்டும் இருக்கிறது. அதன்கீழ் எட்டு வாரங்கள் ஒன்றுமில்லை. அவர் மனைவி மார்செல்லா பிற்பாடு சொன்னது: அந்த நாட்களில் அவர் காய்ச்சவில்லை, காலையில் கீழறைக்குச் செல்வார், விளக்கைப் போடுவார், சற்று நேரத்தில் அணைத்துவிட்டு மேலே வருவார். வெள்ளிக்கிழமைதோறும் ஊரார் கூடிச் சாப்பிடும் மீன் வறுவலுக்கு வர மறுத்தார். லெஸ்டர் அங்கே வருவார் என்பது காரணம். புதிய மானி ஒன்றைத் தபாலில் வரவழைத்துக்கொண்டால் எவருக்கும் தெரியாது. வரவழைத்தும்விட்டார். பெட்டியைப் பிரிக்கவில்லை. இதற்கிடையே, மார்ச் கூட்டத்தில் அவரது எண்பத்துமூன்றைப் பாராட்டிப் பட்டயம் தருவதென்று நாங்கள் முடிவு செய்திருந்தோம்.

பிப்ரவரி 27 அன்று அவர் பழைய மானியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு லெஸ்டரின் வீட்டுக்குப் போனார். லெஸ்டர் உள்ளே அழைக்கவில்லை. பின்வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர், தள்ளுவதை நிறுத்தாமலே கேட்டார். எர்வின் வரிசை தவறாமல் சொன்னார்: கொதிநீர், தலைகீழ், காகிதம், ஆறு. லெஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எனக்கு ஆறு கூடினப்போ சர்க்கரைன்னே. உனக்கு ஆறு கூடினப்போ என்னன்னு நினைச்சே?"



"அரைவைன்னு நினைச்சேன்."

"தண்ணில போட்டுப் பார்க்கத் தோணலியா?"

"தோணலை."

லெஸ்டர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "என்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? நான் போடலைன்னுதான் எனக்குத் தெரியுமே. பலகையில எழுதின இல்ல? அங்க போய் எழுது."

மார்ச் 9 அன்று பட்டயம் மேசைமேல் இருந்தது. எர்வின் அதைத் தொடவில்லை. குவளையில் தண்ணீர் ஊற்றி, மானியை விட்டு, எங்களை ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னார். பதினொருவரும் குனிந்து பார்த்தோம். பிறகு பலகையில் 54 என்று எழுதி, கீழே 6 எழுதிக் கழித்து, விடையின் பக்கத்தில் லெஸ்டரின் முழுப்பெயரை எழுதினார். ஜனவரி முதல் தேதியே தமக்குத் தெரியும் என்பதையும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். பின்வரிசையில் ஒருவர், "அப்போ என் உருளையைத் திரும்ப அகலமாக்கலாமா?" என்று கேட்டார். எவரும் சிரிக்கவில்லை. மானியின் பொறுப்பை அன்றே ஒப்படைத்துவிட்டார்.

அவ்வாண்டு ஜூலை விருந்தில் லெஸ்டரின் பீரை ஏற்றுவதென்று தீர்மானித்துக் கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. பீப்பாய் வைக்கும் இடம் காலியாகவே இருந்தது. கரும்பலகையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. எர்வின் அதன் எதிரே அமர்ந்து தட்டிலிருந்ததைத் தின்று முடித்துவிட்டுப் போனார்.

மூன்று ஆண்டுகள் அப்படியே போயின. 2013 இலையுதிர்காலத்தில், மீன் வறுவல் வரிசையில் மார்செல்லாவைக் கண்ட லெஸ்டர், சனிக்கிழமை காய்ச்சப் போவதாகவும், பால்காரருக்கு வேறு வேலை இல்லையென்றால் வரலாம் என்றும், அவர் முகத்தைப் பாராமல் சொன்னாராம்.

எர்வின் பிரிக்காமல் வைத்திருந்த பெட்டியை எடுத்துச் சென்றார். லெஸ்டரின் சமையலறையில், எவரும் கேட்குமுன், குழாயைத் திறந்து குவளையில் தண்ணீர் பிடித்துப் புதிய மானியை மிதக்கவிட்டார். லெஸ்டர் பார்த்துவிட்டு, "பூஜ்யம்" என்றார். தண்ணீரைக் கொட்டிச் சாற்றை ஊற்றினார்கள். எர்வின் குனியவில்லை, குறிப்பேட்டைத் திறந்து பென்சிலுடன் நின்றார்.

"நீ படி."

லெஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நாற்பத்தாறு. கதவுல நாற்பத்தெட்டுன்னு எழுதியிருக்கேன். ரெண்டு போச்சு."

குவளையை ஒருமுறையும் நோக்காமல், அவர் சொன்ன எண்ணை எர்வின் எழுதினார். அதுவே குறிப்பேட்டின் கடைசி வரி: 46, லெஸ்டர் படித்தது, 2013 அக்டோபர் 12.