பிரிக்காத இரண்டாவது டப்பா

போன வாரம் நகரியில் ஒரு வீட்டு அடுப்படியில் துவரம்பருப்பு டப்பா ஒன்றைப் பார்த்தேன். மேலே சிரிக்கிற குழந்தைப் படம். பால் பவுடர் டப்பா!

நம் வீடுகளில் தகர டப்பாவைத் தூக்கிப் போடுகிற வழக்கம் உண்டா என்ன? பவுடர் தீர்ந்தால் பருப்பு, பருப்பு தீர்ந்தால் புளி... டப்பாவுக்கு ஓய்வே கிடையாது. ஆனால் இதில் பவுடர் தீரவில்லை. குடிக்கக் குழந்தைதான் இல்லை. மிச்சத்தைக் கொட்டிக் கழுவிவிட்டார்கள்.

என் தங்கை மகள் சுமதிக்குத் திருப்பதியில் ஒரு லேபில் வேலை. பால் பவுடரில் வரும் கெட்ட பாக்டீரியாக்களின் மரபணுவை ஆராய்கிறாள். "துணைக்கு வா பெரிம்மா. ரிசல்ட்டைத் தனியா போய்ச் சொல்ல பயமா இருக்கு" என்றாள். அவள் திருப்பதியிலிருந்தும் நான் சித்தூரிலிருந்தும் பஸ் பிடித்து நகரி போய்ச் சேர்ந்தோம்.

பவர்லூம் ஓட்டுகிற குடும்பம். இளைய மருமகள் மஞ்சுளாவுக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. தாய்ப்பால் போதவில்லை என்று பவுடர் கொடுத்திருக்கிறார்கள். மூளைக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. ரத்தத்தில் ஒரு கிருமி இருந்ததாக டாக்டர் சொன்னார். மாமியார் அதற்கு ஒரே அர்த்தம்தான் கண்டுபிடித்தார் — இவள் கை சுத்தமில்லை.

அன்றிலிருந்து மஞ்சுளா, ஓரகத்தியின் கைக்குழந்தையைத் தொடுவதில்லை. யாரும் தடுக்கவில்லை. தானாகவே ஒதுங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி தகவல் சொல்லி சுமதி முதல் தடவை போனபோதே அந்த டப்பாவில் பருப்பு இருந்தது. கழுவிய டப்பாவில் என்ன சாட்சி கிடைக்கும்? அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட, மஞ்சுளா பீரோவிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்துக் கொடுத்தாளாம். கூடவே வாங்கியது, அதே பேட்ச், சீல் பிரிக்காதது. பிள்ளைக்கென்று வாங்கியதைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

இந்த வகைக் கிருமி அடுப்படித் தொட்டியிலும் இருக்கலாம். ஆனால் மரபணுவைப் படித்துப் பார்த்தால் எது எதன் கூட்டம் என்று தெரிந்துவிடும். ஆஸ்பத்திரி பத்திரப்படுத்தியிருந்த கிருமியும் பிரிக்காத டப்பாவுக்குள் இருந்த கிருமியும் அச்சு அசலாக ஒன்று. அடுப்படியில் எடுத்தது வேறு. அந்தப் பேட்ச் பற்றி அதிகாரிகளுக்கும் எழுதிவிட்டார்கள்.

சுமதி சொல்லி முடித்தாள்.

"நான் தண்ணிய நல்லா கொதிக்க வச்சி, ஆற வச்சிதான் மேடம் கலக்கிக்கினு இருந்தேன்" என்றாள் மஞ்சுளா.

சுமதி என்னைப் பார்த்தாள். இதைச் சொல்லத்தான் அவள் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பவுடர் என்பது கிருமி நீக்கிய பொருள் இல்லை. கொதித்த தண்ணீர் நல்ல சூட்டில் இருக்கும்போதே கலந்து, அப்புறம் ஆற வைத்துக் கொடுத்தால் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆறிய தண்ணீரில் பிழைத்துக்கொள்ளும்.

"சூடா இருக்கறப்பவே கலக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லல. டப்பாவுலயும் ஆற வச்சிக் கலக்கச் சொல்லித்தான் போட்டிருக்கு. தப்பு உங்க மேல இல்ல" என்றாள் சுமதி.

எனக்கு வந்ததே கோபம்! புத்திசாலிக் குழந்தை, பலமான எலும்பு என்று டப்பாவைச் சுற்றிலும் எத்தனை எழுத்து... சூடாகவே கலக்கணும் என்கிற ஒரு வரிக்கு மட்டும் இடமில்லையா?

"அப்போ... என் கையால இல்லியா?"

"இல்ல மஞ்சுளா."

மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போனார். அந்த டப்பாவிலிருந்த பருப்பை முறத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

ஓரகத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "இந்தா மஞ்சு, செத்த புடி. எனக்கு வேல கீது."

மஞ்சுளா கை நீட்டினாள். நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, எழுந்து போய், சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவிவிட்டு வந்தாள்.