கடைசி விலை தேடும் கண்ணாடிக்காரர்

மேல் அலமாரியின் கதவைத் திறந்து அதன் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருக்கிறார் கண்ணாடிக்காரர். வீடு அவருடையது இல்லை. வந்த காரியமும் அது இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் முந்தாநாள் வழுக்கி விழுந்து கட்டிலில் கிடக்கிறார். அவரைப் பார்த்து நலம் விசாரிக்கத்தான் வந்தது. பெரியவருக்கு ஒரு நிமிடம், சமையலறைக்கு இருபது நிமிடம் என்று நேரத்தைப் பங்கு போட்டிருக்கிறார்.

"பலகை பதினெட்டு எம்எம்மா, பதினாறா?"

"தெரியலையே அண்ணா" என்கிறாள் அந்த வீட்டு மருமகள்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

அவள் சொல்கிறாள். நிலா தன் பின்னாலேயே வருகிறது என்று சொல்லும் குழந்தையைப் பார்ப்பது போல அவளைக் கனிவோடு பார்க்கிறார். "அது அவங்க சொன்ன விலைம்மா. அசல் விலை என்ன?"

உள்ளே கட்டிலிலிருந்து பெரியவர் முனகுகிறார். "வந்துட்டேன் வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்காரர் கீல்களை எண்ணத் தொடங்குகிறார்.

ஐம்பத்தைந்து வயது. ஒடிசலான உடம்பு, கஞ்சி போட்ட சட்டை. மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேலே ஒன்று, கழுத்தில் கயிறு கட்டித் தொங்குவது ஒன்று. எதைத் தேடினாலும் நான்காவதாக ஒன்றைத்தான் தேடுவார். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முன்பக்கம் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை, பின்பக்கம் அவர் குடித்தனம். எனக்கு மாடி. சத்தமும் வாசனையும் மேலே ஏறித்தானே ஆகவேண்டும்? ஆகையால் நான் எதையும் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் கடையில் எந்தக் கண்ணாடிச் சட்டத்தை எடுத்தாலும் அதன் காதில் ஒரு சீட்டு தொங்கும். சீட்டில் இரண்டு எண்கள். மேலே உள்ளதைச் சிவப்பு மையால் அடித்திருக்கும். கீழே ஏறக்குறைய அதில் பாதி. சீட்டு எழுதுவது அவர் மனைவியின் ஞாயிற்றுக்கிழமை வேலை. கீழ் விலையை அவர் சொல்வார். மேல் விலையை அவள் தன் மனம்போல எழுதிவிட்டு உடனே அடித்துவிடுவாள். புருஷன்மேல் கோபமாக இருக்கும் வாரங்களில் மேல் விலை கன்னாபின்னாவென்று ஏறிவிடும். அந்த வாரம் கண்ணாடி வாங்குகிறவர்கள் நூற்றுக்கு எழுபது தள்ளுபடி கிடைத்ததென்று வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போவார்கள். கொடுத்த பணம் என்னவோ எப்போதும் கொடுக்கிற பணம்தான்.

இப்படி முப்பது வருஷம் விற்றவர் தானே ஒரு கடைக்குப் போய் வாங்க நேர்ந்தால் என்ன ஆவார்? "நானே வியாபாரி. என்கிட்டயேவா?" இது அவர் அடிக்கடி சொல்வது. கேட்க ஆள் இல்லையென்றால் கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்துச் சொல்வார்.

போன வருஷம் அவர் வீட்டுப் பழைய சமையலறையின் மர அலமாரிகளைக் கரையான் தின்றுவிட்டது. சுவரோடு சுவராகப் பொருத்துகிற மாடுலர் கிச்சன் போடலாம் என்று முடிவாயிற்று. முடிவான அன்றைக்கே ஆள் வைத்து இருந்ததையெல்லாம் இடித்துத் தள்ளினார். மேடையும் போயிற்று, தண்ணீர்த் தொட்டியும் போயிற்று.

"முதல்ல வாங்கிட்டு அப்புறம் இடிக்கக் கூடாதாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"உனக்கு வியாபாரம் புரியல. வீட்ல மேடை இருக்கறவன் வேடிக்கை பாக்க வந்தவன். இடிச்சுட்டு வந்தவன்தான் வாங்க வந்தவன். அவனுக்குத்தான் கடைசி விலை சொல்லுவாங்க."

அன்றிலிருந்து அவள் கடையின் பின்கட்டில், கண் பரிசோதிக்கும் அறைக்கு அடுத்தாற்போல, சட்டப்பெட்டிகள் அடுக்கியிருந்த மேசையில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமைத்துவந்தாள். நடுவில் ஒரு திரைதான். அவள் வெங்காயம் நறுக்கும் நேரத்தில் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் கண்ணில் நீர் கொட்டிற்று. கண் போய்விட்டதென்றே பலர் பயந்தார்கள். படிக்கிற கண்ணாடி ஒன்று, தூரப் பார்வைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று கேட்டு வாங்கினார்கள். ஒருவர் தம் சம்சாரத்துக்கும் சேர்த்து உத்தேசமாக ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அந்த மூன்று மாதம் போல ஒரு வியாபாரம் அந்தக் கடை கண்டதில்லை. அதனால்தான் அவர் அவசரப்படவில்லை என்று சொன்னால் அது என் கற்பனை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

மாடுலர் கிச்சன் விற்கிற ஷோரூமை நடத்துவது ஒரு அம்மா. எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை இமைக்காமல் பார்ப்பவர். முதல் நாளே, விலைப்பலகையில் எழுதிவைத்திருக்கிற பலகை விலை ஒன்று, சலுகை விலை ஒன்று என்று இரண்டு சொன்னார். கண்ணாடிக்காரர் பூப்போலச் சிரித்தார்.

"இதுக்குக் கீழ ஒண்ணு இருக்குமே?"

"இருக்குங்க. தொழில்காரங்களுக்குன்னு தனி விலை. பலகை விலையில நூத்துக்கு நாப்பது கழிவு. ஆனா உங்களுக்கு இல்ல. வாங்கிட்டுப் போய் வீடு வீடாப் பொருத்திக் குடுக்கறாங்க பாருங்க, அவங்களுக்கு."

"நானும் தொழில்காரன்தான்."

"என்ன தொழில்?"

ஒரு கணம் யோசித்தார். "இதே தொழில்" என்றார்.

"சரி. நான் என்ன ரத்தம் எடுத்தா பாக்கப் போறேன்? பேரு எழுதிக்கறேன். வருஷத்துக்கு மூணு சமையலறை எடுக்கணும்."

மறுநாளே முகவரி அட்டை அச்சாகி வந்துவிட்டது. அவருக்கு ஆணி அடிக்கத் தெரியாது. அவர் கடைக் கடிகாரத்தை மாட்டியது நான். ஆனாலும் காதில் பென்சில் ஏறிவிட்டது. ஏற்கெனவே கண்ணாடிக் கொம்பு இரண்டு இருக்கிற காதில் அது எப்படி நின்றது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பரிசோதனைக்கு வந்தவர்களிடம், "கடைசி வரி தெரியுதா? உங்க வீட்டு சமையலறை எத்தனை அடி?" என்று ஒரே மூச்சில் கேட்டார். என்னிடமும் வந்தார். "அத்தை, உங்களுக்கு ஒரு சமையலறை போட்டுடலாமா?" என்றார். எனக்கு ஒரு சமையலறை இருக்கிறது என்றேன். "இடிச்சுடலாம்" என்றார்.

தொழில் விலை கையில் இருந்ததே, அப்போதே வாங்கித் தொலைத்திருக்கலாம். அங்கேதான் அவருடைய நேர்மை குறுக்கே வந்தது. தொழில்காரர் என்றால் வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியல் கொடுக்கவேண்டும். அவருக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் மனைவி. ஒருநாள் காலையில் அடுப்புக்கு முன்னால் நின்றவளிடம் உறை ஒன்றை நீட்டினார். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு' என்று தொடங்கியிருந்தது.

அவள் கரண்டியை வைத்துவிட்டுப் படித்தாள். "பலகை விலை நூறுன்னா எனக்கு எழுபத்தஞ்சா?"

"உனக்காகத்தான் இருபத்தஞ்சு கழிச்சிருக்கேன். வேற யாருக்கும் பண்ண மாட்டேன்."

"உங்களுக்கு எவ்வளவுக்குக் கிடைக்குது?"

"அதெல்லாம் வாடிக்கையாளர்கிட்ட சொல்றதில்ல."

"என்னங்க."

"அறுபது."

"மீதி பதினஞ்சு யாருக்கு?"

"நிறுவனத்துக்கு."

"நிறுவனம் யாரு?"

"நான்தான்."

"பணம் குடுக்கறது?"

"அதுவும்..." என்று தொடங்கியவர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. "தொழில் விலைக்கே வித்தா அப்புறம் தொழில் எதுக்கும்மா?"

பட்டியலை அவள் மடித்து, ஆடிக்கொண்டிருந்த அடுப்பின் காலுக்கு அண்டைகொடுத்தாள். அடுப்பு நேராக நின்றது. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "மழை முடியறதுக்குள்ள எனக்கு ஒரு மேடை வரணும். வரலைன்னா அக்கா வீட்டுக்குப் போயிடறேன். நீங்க உங்க விலைகளோட குடித்தனம் நடத்துங்க. எத்தனை விலை இருக்கோ அத்தனை பேரும் சேர்ந்து உங்களுக்குச் சமைச்சுப் போடட்டும்."

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. சொன்னால் சொன்னதுதான். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துவைக்கிற சத்தம் அன்று மாலையே மாடிக்குக் கேட்டது.

வேறொருவராக இருந்தால் அந்தச் சத்தத்தில் ஓடிப்போய் வாங்கியிருப்பார். நம்மவருக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. தன்னைத் தொழில்காரர் என்று அவ்வளவு சுலபமாக அந்த அம்மா ஏற்றுக்கொண்டார் என்றால், அசல் தொழில்காரர்களுக்கு அறுபதுக்கும் கீழே ஒரு விலை இருக்கத்தானே வேண்டும்? கடையை மூடிவிட்டுப் புறப்பட்டார். பலகை வியாபாரியைப் பார்த்தார். கீல் இறக்குமதி செய்கிறவரைப் பார்த்தார். கடைசியில் மூன்று பேருந்து மாறி, அலமாரிகள் செய்கிற தொழிற்சாலைக்கே போய், மரத்தூளில் கணுக்கால்வரை புதைந்து நின்று, அங்கிருந்த மேலாளரிடம் அசல் விலையைக் கேட்டார்.

மேலாளர் நல்ல மனிதர், ஒளிக்கவில்லை. "எங்க விலையா? ஷோரூம் என்ன பலகை விலை போடறாங்களோ, அதுலேர்ந்து பின்னாடியே எண்ணிக்கிட்டு வந்து எங்க விலைய வைப்போம்."

"அவங்க எப்படிப் போடறாங்க?"

"எங்க விலையப் பாத்துத்தான்."

கண்ணாடிக்காரர் திரும்பி வரும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்று கண்ணாடியிலும் நீர்த்துளி. துடைக்கவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டு, "அடியில ஒண்ணுமே இல்ல அத்தை" என்றார். நெருங்கிய உறவில் யாரோ போய்விட்டார்களோ என்று ஒரு நொடி நானே திடுக்கிட்டேன்.

மழை ஓய இன்னும் பத்து நாள் இருந்திருக்கும். ஒருநாள் காலை அவர் கடையில் இருக்கும்போது, அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு ஷோரூமுக்கு நடந்தாள். எந்தப் பட்டியலையும் கேட்கவில்லை. வாசலுக்கு நேரே பார்வைக்கு நிறுத்தியிருந்த சமையலறையின் முன்னால் போய் நின்றாள். நாலு வருஷமாக அங்கேயே நிற்பது. வருகிறவர்களெல்லாம் திறந்து திறந்து மூடி, கைப்பிடிகள் பளபளவென்று தேய்ந்திருந்தன. பழத்தட்டில் மெழுகு ஆப்பிள்கள்.

"இதுக்கு என்ன விலை?"

ஷோரூம் அம்மா விலைப்பலகையைக் காட்டினார்.

"நானும் மேல் விலை எழுதறவதாங்க. வாராவாரம் எழுதறேன். அத விடுங்க. அடுத்த மாசம் புது மாடல் வந்தா இதக் கழட்டி எங்க வைப்பீங்க?"

ஷோரூம் அம்மா அன்றுதான் முதல்முதலாக இமைத்தார். சிரித்துவிட்டு நாற்காலி இழுத்துப் போடச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், அவள் காதருகே குனிந்து ஒன்று சொன்னார். அவள் ஒன்று சொன்னாள். இரண்டு பேரும் கையைக் குலுக்கிக்கொண்டார்கள். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்த எண் கேட்கவில்லை என்றால் எவ்வளவு மெல்லப் பேசியிருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டே நாளில் வந்து பொருத்திவிட்டார்கள். அறையைவிட அது ஒரு முழம் நீளம். அதனால் கடைசி இழுப்பறை மட்டும் வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது; படுக்கையறைக்குப் போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு போகிறார்கள். சுவரில் பதித்த மின்னடுப்பு வெறும் அட்டை. மெழுகு ஆப்பிள்களையும் விடாமல் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். மேடை மட்டும் அவள் இடுப்புயரத்துக்கு அளந்து செய்தது போல நிற்கிறது. துடைத்து வைத்த பெட்டி மறுபடி பரணுக்கு ஏறிவிட்டது.

முதல் சமையலுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். அவர் மத்தியானம் கடையிலிருந்து உள்ளே வந்தார். மேடையைப் பார்த்தார். விளிம்பைத் தடவவில்லை, கீலை எண்ணவில்லை.

"எவ்வளவு?"

"உக்காருங்க, சோறு ஆறுது."

"அறுபதுக்கு மேலயா, கீழயா? அத மட்டும் சொல்லு போதும்."

"மூணு வேளையும் நான் சமைக்கணுமா வேண்டாமா?"

உட்கார்ந்தார். நாலு வாய் சாப்பிட்டார். பிறகு இடது கையால் சட்டைப்பையிலிருந்து, கண்மணி சுருங்கி விரிவதைப் பார்க்கிற பேனா அளவு விளக்கை எடுத்தார். குழம்பு ஊற்ற அவள் குனிந்தபோது அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "அம்பத்தஞ்சு" என்றார். எந்த எண்ணுக்குக் கண்மணி அசைகிறது என்று உற்றுப் பார்த்தார். "அம்பது." இன்னும் கிட்டே வந்தார். "நாப்பத்தஞ்சா?"

அவள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். மூடியபடியே, ஒரு சொட்டுச் சிந்தாமல், அவர் தட்டின் நடுவில் குழம்பை ஊற்றினாள்.