கயிறு கட்டித்தான் கண்ணாடி

"கையத் தூக்குங்க சார்" என்று சொல்லிக்கொண்டே நதியா என் இடுப்பில் மாட்டுக்கயிற்றைச் சுற்றி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டார். மறுமுனை அவர் கையில். "இப்ப கண்ணாடிய மாட்டிக்கங்க. எங்க வேணா போங்க, நான் புடிச்சிக்கினு இருக்கேன்."

வெயிலுக்குப் போடுகிற கண்ணாடி இல்லை இது. முகத்தையே மூடும் வி.ஆர். கண்ணாடி. கேம் பெட்டியோடு இணைத்து மாட்டினால் வீடு மறைந்து கடலும் மலையும் வந்துவிடும். பெங்களூரில் வேலை பார்க்கும் நதியாவின் தம்பி நவீன்குமார் புதிதாக ஒன்று வாங்கியதும், பழையதை ஜமுனாமரத்தூர் பக்கம் இருக்கும் அக்கா வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டார். சாமை அறுப்பு முடிந்ததிலிருந்து ஊரே அந்த வீட்டில்தான் கிடக்கிறது.

கயிறு வந்த கதையைக் கேட்டால், நதியா சிரித்து முடிக்கவே நேரமாகும். பக்கத்து வீட்டு மோகன் கயிறில்லாமல் விளையாடியவர். சுறாமீன் வாயைப் பிளந்ததும் வாசலைத் தாண்டி ஓடி, ஒயரையும் பிடுங்கிக்கொண்டு கோழிக்கூண்டின் மேல் விழுந்தார். "கோழிக்கு ஒன்னும் ஆவல. இவுருதான் நொண்டிக்கினு கெடந்தாரு."

கயிறு பிடிப்பதில் நதியாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண்ணாடிக்குள் தெரிவதெல்லாம் டிவியிலும் ஓடும், ஆனால் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார், ஆடுகிறவர் முதுகைத்தான் பார்ப்பார். கண்ணாடிக்குள் பாறை உச்சியில் நான் அடியெடுத்து வைக்காமல் நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "பயப்படாதீங்க சார், கீழ எங்க வூட்டுத் தரைதான் இருக்குது."

ஒருமுறை வேறொருவர் ஆடும்போது கணவர் விஜயராஜிடம் கயிற்றைக் கொடுத்துப் பார்த்தாராம். மனுஷன் டிவியைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்க, கயிறு தரையில் கிடந்தது. அதனால் ஊரில் எல்லோரும் மாட்டிப் பார்த்தாயிற்று, நதியா மட்டும் மாட்டியதே இல்லை. "ஆச இல்லாம இருக்குமா சார்? பறக்கற கேமு ஒன்னு இருக்குது. என் கயித்த யாரு புடிப்பா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் பிடிக்கிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"டிவியப் பாக்கக்கூடாது."

"மாட்டேன்."

"எம் முதுவத்தான் பாக்கணும்."

சத்தியமே செய்தேன். தன் இடுப்பில் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு, மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றி, இழுத்துப் பார்த்தார். அப்போதும் நம்பிக்கையில்லை. கதவைச் சாத்தி அதன் முன்னால் விஜயராஜை நிற்க வைத்தார். ஆடு மடக்குகிறவரைப் போல அவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகுதான் நதியா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஐயோ! சார், வுட்றாதீங்க! கீழ ஒன்னுமே இல்லியே!"

"உங்க வூட்டுத் தரைதான் இருக்குது" என்றேன்.

கயிறு வெடவெடத்தது. அப்புறம் மெல்ல அவர் கைகள் இரண்டும் விரிந்தன. "யம்மாடி! மரமெல்லாம் காலடியில கெடக்குது!" அவர் சிரித்த சிரிப்பில் விஜயராஜும் சிரித்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருந்தாலும் கயிற்றை இறுக்கித்தான் பிடித்திருந்தேன், சத்தியம் செய்தவனாயிற்றே.

"சும்மா இழுக்காதீங்க சார்!"

விரிந்திருந்த கைகளில் ஒன்று முதுகுக்குப் பின்னால் வந்தது. முடிச்சைத் தடவிக் கண்டுபிடித்து, அவிழ்த்துவிட்டு, மறுபடியும் விரிந்தது.