சித்தியவானில் இல்லாத அத்தை

கலாதேவி என்ற பேரைப் பாப்பா முதல்முதலாகக் கேட்டது, கல்யாணமாகி மூன்றாம் நாள், சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். மாமியார் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "உனக்கு ஒரு நாத்தனார் இருக்கா. பேரு கலாதேவி. யாராச்சும் கேட்டா சித்தியவான்ல வேலை செய்றான்னு சொல்லிரு."

"நெசமா எங்க இருக்காங்க அத்தே?"

மாமியார் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "தஞ்சோங் ரம்புத்தான்."

அதற்குமேல் பாப்பா கேட்கவில்லை. அங்கே மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரி இருப்பது யாருக்குத் தெரியாது? அடம்பிடிக்கிற பிள்ளையை அடக்க அந்த ஊர்ப் பேரே போதும். பஸ்ஸில் அங்கே இறங்குகிறவனை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கலாதேவி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். அப்பன் செத்த வருசம் தூக்கம் போனது, மரத்தோடு பேச ஆரம்பித்தாள். பத்தொன்பது வயசில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று வருசத்தில் தெளிந்தும் விட்டாள். கூட்டிப்போகச் சொல்லி வந்த கடிதத்தை அண்ணன் அர்ச்சுனன், அதாவது பாப்பாவின் புருசன், மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகினார். கூட்டி வந்தால் ஊர் என்ன பேசுமோ என்ற பயம். முப்பது வருசம் அப்படியே ஓடியது. மாமியார் போய்ச் சேர்ந்தும் பொய் போகவில்லை. பாப்பாவுக்கும் அது வாய்ப்பழக்கமாகிவிட்டது.

அந்தப் பழக்கம்தான் மாட்டிவிட்டது. போன வருசம் மகன் பவித்ரனுக்குப் பெண் பேசினார்கள். பெண் வீடு சித்தியவான். பரிசத்தன்று பெண்ணின் தாய் புஷ்பலதா கேட்டாள்: "மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்த பொண்ணு இல்லையே, தாலியில நாத்தனார் முடிச்சு யாரு போடுவா?"

"அவரு தங்கச்சி இருக்கு, சித்தியவான்ல" என்றாள் பாப்பா, யோசிக்காமல்.

"எங்க ஊரா? எந்தக் குடியிருப்பு, எந்தத் தாமான்லா? முடிச்சு போடுறவங்கள நாங்கதானே தட்டு வச்சு அழைக்கணும். நாளைக்கே போறோம்."

அர்ச்சுனனின் பெரியப்பா அப்பாவு, "அந்தப் புள்ள வீடு மாறிருச்சும்மா" என்று முட்டுக்கொடுக்கப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் சம்பந்தம் முறியலாம். சொல்லாவிட்டால், தன் கல்யாணத்தில் நடந்த மாதிரியே, இந்த வீட்டு முடிச்சை மறுபடி வேறு யாரோ போடுவார்கள்.

"பொய் சொல்லிட்டேன் சம்பந்தி" என்றாள். "அது தஞ்சோங் ரம்புத்தான்ல இருக்கு. எப்பவோ நல்லாயிருச்சு. நாங்கதான் போகல."

அர்ச்சுனன் தரையைப் பார்த்தார். புஷ்பலதா முந்தானையை இழுத்துச் சொருகினாள். "அப்ப தட்ட அங்க கொண்டு போவோம். இதுல என்ன இருக்கு?"

ஆஸ்பத்திரி வாசலில் தட்டும் பழமுமாக நாலு பேர் வந்து நிற்பதைப் பார்த்து, கீரைப் பாத்தியிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்தாள் கலாதேவி. தலை பாதி நரைத்திருந்தது.

"என்னையவா பொண்ணு பார்க்க வந்தீங்க? லேட்டுலா" என்றாள். அண்ணனைப் பார்த்தாள். "நீயும் நரைச்சிட்டியே அண்ணே."

விசயத்தைப் பாப்பாதான் சொன்னாள்.

"மாத்திரைக்குக் கை நடுங்கும் அண்ணி. முடிச்சு விழாட்டி?"

"விழுற வரைக்கும் மேளத்த நிறுத்த விடமாட்டேன்."

ஈப்போவில் கல்யாணம். ஒரு நாள் லீவில் வந்திருந்த கலாதேவியை மணவறைக்குப் பக்கத்தில் கண்டதும் அப்பாவு பெரியப்பா, "இது மண்டபமா, தஞ்சோங் ரம்புத்தான் வார்டா?" என்று கத்தினார்.

"பெரியப்பா, முப்பது வருசத்துக்கு மேல அங்க இருந்தேன். இவ்ளோ சத்தம் போடுற ஆள நான் பார்த்ததே இல்ல" என்றாள் கலாதேவி.

முன்வரிசை முழுக்கச் சிரித்தது.

முதல் முடிச்சைப் பவித்ரன் போட்டான். மிச்சம் இரண்டும் அவளுக்கு. கயிறு ஒரு தடவை விரலை விட்டு நழுவியது. மண்டபத்தில் முணுமுணுப்பு. உதவ நீண்ட ஒரு கையைப் பாப்பா தட்டிவிட்டாள். நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியது. கலாதேவி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்று போட்டாள், இன்னொன்றும் போட்டாள், இழுத்துப் பார்த்தாள். "இனி யாரு இழுத்தாலும் வராது" என்றாள்.

சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர், அந்த அம்மா யாரென்று கேட்டார். அர்ச்சுனன் நாலு மேசைக்குக் கேட்கச் சொன்னார்: "என் தங்கச்சி. தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்துச்சு. நான்தான் கூப்பிடப் போகல."

மறுவாரம் அவரே ஆஸ்பத்திரிக்குப் போய், தங்கச்சியைக் கூட்டிவரக் கையெழுத்துப் போட்டார்.

கலாதேவி இப்போது சுங்கை சிப்புட்டில், அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.