மேசையோடு எழுந்த கொலுப்படி

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடம்தான் நவராத்திரி நெருங்கினால் என் கணவரின் தச்சுப் பட்டறை. அந்த வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி, பேட்டரியில் ஓடும் டிரில் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். "வயரே கிடையாது பாரு" என்று அதை வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

அமாவாசையன்று காலை, தரையில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கும் என்று சாப்பாட்டு மேசைமேல் பலகைகளை வைத்து, மூன்று படிக்கும் டிரில்லாலேயே ஸ்க்ரூ முடுக்கினார். இறக்கி வைக்க ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். மேசையும் கூடவே எழுந்தது. நீளமான ஸ்க்ரூக்கள் அடிப்பலகையைத் தாண்டி மேசைக்குள்ளும் இறங்கியிருந்தன.

"ரிவர்ஸ்ல போட்டா கழண்டு வந்துடும்" என்றார். டிரில் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது. சார்ஜ் ஏற சாயங்காலம் ஆகுமாம். கையால் திருகிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை.

"ஏன்னா, ராகு காலம் வந்துடும். கலசத்தை இப்படியே வெச்சுடறேன்" என்றேன். வைத்துவிட்டால் விஜயதசமி வரை படியை அசைக்கக் கூடாது. அத்தனை நாளும் தரையில்தான் சாப்பாடு. முழங்கால் வலிக்காகவே அந்த மேசையை வாங்கியவர் அவர்தான்.

சுண்டலுக்கு வந்த எதிர்வீட்டு மாமி, "குனியாம பார்க்க முடியறது. நல்ல யோசனை" என்றார்.

"யோசிச்சுத்தான் பண்ணினேன் மாமி" என்றார் இவர், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

இப்போதெல்லாம் அவர் டிரில்லை எடுத்தாலே அடியில் ஒரு வேண்டாத பலகையைச் செருகிவிடுகிறேன். வேலை முடிந்ததும், செய்ததைத் தனியாகத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் காபி.