தொட்டில் கயிற்றில் இறங்கிய சிவப்பெறும்பு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஆனாலும் அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். தொட்டில்கள் கூரை மரத்தில் தொங்கும். ஒவ்வொரு கயிற்றிலும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி வைப்பேன். அதைத் தாண்டி எறும்பு இறங்காது.

போன மாதம் கொழும்பிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. தோட்டத்து நலன்புரி அதிகாரி ஐயா வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னம்மா இது, பெட்ரோல் செட் மாதிரி நாறுது. எல்லாத்தையும் அவுத்துப் போடுங்க.”

அவிழ்த்தேன். அது என் தப்பு. “எறும்பு வருங்க” என்று சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கே அழகுக்காக மேனேஜர் துரையின் பங்களாவிலிருந்து ஆறு பூச்சட்டிகள் வந்து சுவரோரம் உட்கார்ந்தன. கொழும்பு ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சட்டிகள் அங்கேயே கிடந்தன. துணியைத் திரும்பக் கட்ட யாரும் சொல்லவில்லை; நானும் கட்டவில்லை.

மூன்றாம் நாள் ஒரு குழந்தை வீரிட்டது. தூக்கிப் பார்த்தால் கால் முழுக்கச் சிவப்பெறும்பு. தட்டித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, பால் கொடுக்க வந்துகொண்டிருந்த அதன் தாய் ஓடி வந்தாள்.

“தூங்குனியாக்கா? இல்ல, எம்புள்ளய எறும்புக்குத் தீனியாப் போட்டியா?”

பின்னாலேயே ஐயா. “பாலைச் சிந்திட்டுத் தொடைக்கிறதில்ல. லயத்து ஆளுங்க இருக்கிற எடமெல்லாம் எறும்புதான். இனி வேற ஆயா பார்க்கணும்.”

வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்து ஆட்கள் நாங்கள் இருக்கும் இடமா? இதே எறும்பைப் பதுளை பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும், ஆஸ்பத்திரி வாசலிலும், கொழும்பில் என் தங்கை வேலை செய்யும் பெரிய வீட்டுப் புல்தரையிலும் பார்த்திருக்கிறேன். விறகுக்காக மேல் காட்டுக்குள் போனால்தான் காண்பதில்லை. மனிதர் கிளறிப்போட்ட மண்ணும் கொஞ்சம் வெயிலும் அதற்குப் போதும். யார் வீட்டு மண் என்று அது கேட்பதில்லை.

எறும்பு வரிசையைக் கண்ணால் தொடர்ந்தேன். கயிறு, கூரை மரம், சுவர், மூன்றாவது பூச்சட்டி. அதைத் தூக்கிக்கொண்டு போய், இன்னும் பேசிக்கொண்டிருந்த ஐயாவின் சப்பாத்துக்கு முன்னால் கவிழ்த்தேன். மண் உடைந்தது. வெள்ளை முட்டைகளைக் கவ்விக்கொண்டு எறும்புகள் சிதறி ஓடின. ஐயா துள்ளிப் பின்வாங்கினார்.

“பங்களா சட்டிங்க,” என்றேன்.

தாய் மண்ணைப் பார்த்தாள். ஐயாவைப் பார்த்தாள்.

“அந்த எண்ணெய்த் துணி எங்கக்கா? கொண்டாங்க, மொதல்ல அதக் கட்டுவோம்.”

வேறு ஆயா இதுவரை வரவில்லை. தான் சொன்னது தப்பு என்று ஐயாவும் ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சம் ஐந்து சட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்துபோய்ப் பங்களா கேட்டில் நானே வைத்துவிட்டு வந்தேன்.