ஊட்டுல ஒரு ஆள்

வெட்கத்தால் செத்துப்போனால் என்ன என்று நான் முதன்முதலாக நினைத்தது ஒரு கல்யாண வீட்டில், நெய்ச்சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, கற்பிட்டி வீதியோரம் ஓலைக் கொட்டிலில் நாங்கள் குடியிருந்த காலம் அது. 'அகதி' என்ற சொல் எங்கள் பெயருக்கு முன்னால் இனிஷலைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. குடிதண்ணீருக்குப் பக்கத்து வளவுக் கிணறுதான் கதி. கிணற்றுக்காரியை மாமி என்போம். தனிக்கட்டை. தன் தம்பி மகளின் கல்யாணத்துக்கு எங்களையும் வாய் நிறையக் கூப்பிட்டிருந்தார்.

வாப்பா வரவில்லை. உப்பு வாய்க்காலில் வேலைக்குப் போன இடத்தில் பிடித்த காய்ச்சல் அப்போதுதான் இறங்கியிருந்தது. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாங்கள் வெளிக்கிடும்போது, "ஆட்டிறைச்சி எண்டா ரெண்டு வாய் திம்பன் போல இரிக்கி" என்றவர், சொன்னதற்காக நாணியவர்போல் உடனே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பெண்கள் பக்கம் பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். ஒரே பெரிய தட்டு; சுற்றி ஆறு பேர். எங்கள் சஹனில் உம்மா, நான், மாமி, இன்னும் மூன்று உள்ளூர்ப் பெண்கள். அவரவர் முன்னால் இருக்கும் சோறு அவரவருக்கு. நடுவில் குவிந்திருக்கும் இறைச்சியோ ஆறு பேருக்கும் பொது. மாமி கத்தரிக்காயோடு நிறுத்திக்கொண்டார். "எனக்கு இறைச்சி ஆகாது. டொக்டர் நிப்பாட்டிட்டாரு. நீங்க எடுங்க" என்று எங்கள் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

உம்மாவின் கை இறைச்சிக்குப் போனது. வாய்க்குப் போகவில்லை, முந்தானைக்குள் போனது. மறுபடியும் போனது. மடியில் ஒரு சொப்பிங் பேக் சரசரத்தது.

அடுத்தவர் ஹக்கைத் தின்றால் மறுமையில் அது நெருப்பாகும் என்று அந்தக் கிழமைதான் ஓதுற பள்ளியில் லெப்பை சொல்லித் தந்திருந்தார். ஹக்கு என்றால் உரிமை. ஒருவருக்குச் சேரவேண்டிய பங்கு. மற்றவர்களின் ஹக்கை என் உம்மா, என் கண் முன்னாலேயே, பையில் போடுகிறார்! மறுமை வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. பை ஓட்டை. மஞ்சள் குழம்பு உம்மாவின் மடியிலிருந்து வழிந்து, புதுப் பாயில் மெல்ல மெல்லப் பரவியது.

சாப்பிட்ட கைகள் நின்றுவிட்டன. உம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான், இந்தப் பெண் யாரோ என்பது போல, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

மாமிதான் வாயைத் திறந்தார். பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"புள்ள, எனக்கும் ஒரு பேக் கொண்டா. ஓட்டை இல்லாததாப் பாத்துக் கொண்டா. ஊட்டுல ஒரு ஆள் பாத்துக்கிட்டு இரிக்கிது."

பக்கத்தில் இருந்தவர் மாமியை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "அப்ப எனக்கும் ஒண்டு" என்றார். மற்ற இருவரும் விடவில்லை. குசினியிலிருந்து இன்னொரு தட்டு இறைச்சி வந்தது. எல்லோரும் போட்டி போட்டுக் கட்டினார்கள். உம்மாவின் மடியில் இருந்ததை மாமியே வாங்கிப் புதுப் பையில் போட்டு, அதன்மேல் இன்னும் இரண்டு அகப்பை வைத்து முடிந்து கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது. பேராசை பிடித்தவர்கள் நாங்கள் மட்டுமில்லை, இந்த ஊரே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாப்பா அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டார். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் தண்ணீர் அள்ளப் போனேன். கிணற்றடியில் மாமியின் பூனை, அந்தக் கல்யாண வீட்டுப் பைக்குள் தலையை விட்டு இறைச்சி தின்றுகொண்டிருந்தது. மாமி வாசற்படியில் இருந்து அதைப் பார்த்துச் சிரித்தார்.

நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"உம்மா! மாமி பொய் சொல்லீட்டாங்க! ஊட்டுல ஆள் எண்டது பூனையை! இறைச்சி முழுக்கப் பூனைக்குப் போட்டுட்டாங்க!"

அடுப்படியில் இருந்த உம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினார். கல்யாண வீட்டில்கூட அழாதவர்.

எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு நல்ல இறைச்சி வீணாய்ப் போனதற்காகத்தான் உம்மா அழுகிறார் என்று நினைத்தேன்.